மேட்டு நிலத்துக்கு வந்த கொள்ளு மூட்டை

போன வருஷம் புரட்டாசியில் என் நிலத்தில் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வந்தது. கடலை வரவில்லை. பக்கத்துச் செடியைப் பிடுங்கினேன். அதில் இரண்டு காய் இருந்தன. உரித்தால் உள்ளே காற்று. மூன்றாவது செடியை நான் பிடுங்கவில்லை. அதற்காவது ஒரு மரியாதை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேர்க்கடலை பூத்த பிறகு பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போக வேண்டும். உள்ளே போன பிறகுதான் காய் பிடிக்கும். மண்ணில் ஈரம் இருந்தால் தானாக இறங்கும். என் மண் அந்த மாதம் தாலுகா ஆபீஸ் தரை மாதிரி இருந்தது. விழுதுகள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, பதில் இல்லாமல் வெளியிலேயே காய்ந்துவிட்டன.

ஆண்டவருக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே, இப்படித்தான் என் சாட்சி தொடங்குகிறது. கண்ணீரோடு தொடங்கினால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். கண்ணீர் வரவில்லை. அதுதான் என் வியாதியே.

நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூரில் ஏரி பெரியது. அதன் தண்ணீர் பள்ளத்து வயல்களுக்குப் போகும். எங்கள் இரண்டரை ஏக்கர் மேட்டில் இருக்கிறது. தண்ணீருக்கு மேடேறும் பழக்கம் இல்லை. மேலேயிருந்து வந்தால்தான் உண்டு. என் அப்பா வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். கடைசிக் காலத்தில், யாரும் வாங்காத இந்த மேட்டை வாங்கினார். எங்கள் வம்சத்தில் முதல் பட்டா அது. அதை வாங்கிய அன்று நிலத்தின் நடுவில் முழங்காலில் நின்று ஜெபம் செய்தாராம். முழங்காலில் சரளைக்கல் குத்தியிருக்கும். அவர் சொன்னதில்லை.

நான் புத்தகம் படிக்கிற விவசாயி. ஊரில் இது ஒரு சின்ன ஊனமாகக் கருதப்படுகிறது. படித்ததன் பலனாக, ஆடிப் பட்டத்தில் இரண்டரை ஏக்கரிலும் கடலையே போட்டேன். முன்பெல்லாம் கேழ்வரகு கொஞ்சம், துவரை கொஞ்சம், ஓரத்தில் காராமணி என்று கலந்து இருக்கும். அதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டுக்கு. கடலைதான் எண்ணெய் மில்லுக்குப் போய்க் காசாகும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். மழை மட்டும் அந்தக் கணக்கைப் படித்திருக்கவில்லை.

ரேஷன் அரிசி இருக்கிறது, யாரும் பட்டினியால் சாகவில்லை. நன்றியோடு சொல்கிறேன். ஆனால் சோற்றின் மேல் ஊற்ற ஏதாவது வேண்டும். வீட்டில் பருப்பு டப்பா காலி. எங்கள் ஒற்றைப் பசு, காய்ந்த கடலைக் கொடியைத் தின்றுவிட்டு என்னைப் பார்க்கும். நானும் அதைப் பார்ப்பேன்.

எனக்கு உள்ளே மரத்துப்போனது. வேறு வார்த்தை தெரியவில்லை. காலையில் நிலத்துக்குப் போவேன், நிற்பேன், திரும்பி வருவேன். எஸ்தர் சோறு போடுவாள். உப்புப் போட்டிருந்தால் உப்பு என்று தெரியும். போடாவிட்டால் போடவில்லை என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தோன்றாது. எஸ்தர் என் மனைவி. அந்த நாட்களில் அவள் ஜெபத்தில் அழுவது எனக்குக் கேட்கும், பக்கத்து வீட்டு டிவி கேட்பது மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சபையில் என் மரப்பை விசுவாசம் என்று நினைத்துவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் வறட்சியை நினைத்து அழுதுகொண்டிருந்தபோது நான் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"சாமுவேல் அண்ணனப் பாருங்க. கடல மொத்தமும் போச்சி, மனுசன் எவ்ளோ சமாதானமா கீறாரு!" என்றார் சபைச் செயலாளர் பாக்கியநாதன். ஆராதனையில் எழுந்து எல்லோருக்காகவும் ஜெபிக்கச் சொன்னார். எழுந்தேன். ஜெபித்தேன். வாய்க்குப் பழக்கமான வார்த்தைகள் வரிசையாக வந்தன. ஆமென் சொல்லி உட்கார்ந்தேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

இந்தச் சமயத்தில்தான் புரோக்கர் மோகன் வந்தார். எங்கள் ஊருக்கு ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். என் நிலத்தைப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான். பக்கத்து ஊர்க்காரர், மரியாதை தெரிந்தவர். நிலத்தின் நான்கு மூலையிலும் நடந்துவிட்டு வந்து நின்றார்.

"ணா, தப்பா எடுத்துக்காத. இதுல நீ இன்னா போட்டாலும் வெளையாது. வூடு வேணா வெளையும்."

"வீட்டுக்குத் தண்ணிக்கு எங்க போவாங்க?"

"அது வாங்கறவன் கவல ணா. நீ ஏன் அல்லார் கவலையும் தூக்கினு கீற?"

நியாயமான கேள்வி. எனக்கு வருத்தம்கூட வரவில்லை. அப்பா முழங்காலில் நின்ற இடத்தில் யாரோ கார் நிறுத்துவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். கார் எந்த நிறம் என்று யோசித்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை அக்ரிமெண்ட் என்று பேசி முடித்தோம்.

வீட்டில் சொன்னேன். எஸ்தர் முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன ஒரு வார்த்த கேக்கவே இல்லையே."

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

"வேணான்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

அவள் சண்டை போடவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சண்டை போட்டிருக்கலாம்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் நிலத்தில் நின்றபடியே ஜெபித்தேன். அதை ஜெபம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நோட்டீஸ் என்று சொல்லலாம். "ஆண்டவரே, திங்கட்கிழமை இந்த நிலம் போகிறது. வேண்டாம் என்றால் அதற்குள் சொல்லும். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லும். இப்போதெல்லாம் எனக்கு எதுவும் உள்ளே இறங்குவதில்லை. நீர் பேசாமல் இருந்தால் உமக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்." இவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வெயில் அதிகம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய ஞாயிறு எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவரவர் நிலத்தில் விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன் படைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அவற்றை ஏலம் விடுவார்கள். ஒரு வெண்டைக்காயை மூட்டை வெண்டைக்காய் விலைக்கு எடுப்பார்கள். பணம் சபைக்கு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பண்டிகை அதே ஞாயிறுதான். அறுப்பு இல்லாத வருஷத்தில் அறுப்பின் பண்டிகை எப்படிக் கொண்டாடுவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் விசுவாசம் குறைவு என்று ஆகிவிடும்.

சனிக்கிழமை உத்திரமேரூர் பஜாருக்குப் போய் ஒரு பூசணிக்காய் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சர்ச்சுக்கா?"

"எப்படித் தெரியும்?"

"காலையிலேர்ந்து உங்க ஆளுங்கதான் வந்துகினு கீறாங்க. நல்லா பெருசா, கடைல வாங்கின மாரி தெரியாம குடுன்றாங்க. மண்ணு வேணா பூசித் தரட்டா?"

வேண்டாம் என்றேன். பிறகு வீட்டுக்குப் போய் நானே பூசினேன்.

மறுநாள் பீடத்தின் முன்னால் பார்த்தவர்கள் பிரமித்திருப்பார்கள். முட்டைகோஸ். கேரட். பீட்ரூட். மலைப்பிரதேசத்துக் காய்கறிகள் எல்லாம் எங்கள் மேட்டு நிலத்தில் விளைந்து வந்திருந்தன. யாரோ ஒருவர் ஆப்பிள் வைத்திருந்தார், அதில் ஸ்டிக்கர்கூட எடுக்கவில்லை. "எங்கள் கழனிகள் தந்த பலனுக்காக ஸ்தோத்திரம்" என்று போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் கண் காலிஃபிளவரில் போய் நின்றது. பிறகு "நீர் எல்லாம் அறிவீர்" என்று முடித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ஆலயம் முழுவதுமே மரத்துப்போயிருந்தது. நான் தனி ஆள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏலம் பாக்கியநாதன்தான் விடுவார். அவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். செங்கல்பட்டு, செங்கல்பட்டு என்று கூவிய தொண்டை. மைக் வைத்தால் மைக்குக்குத்தான் ஆபத்து. நான் பந்தலின் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சரியாகத் தூங்காத நாட்கள் அவை. தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. தலை மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

பாக்கியநாதன் ஒரு சின்னத் துணி மூட்டையைத் தூக்கிக் காட்டினார். "கொள்ளு! யார் வூட்டுதுன்னு தெர்ல, பேரு சொல்லாம வெச்சிட்டுப் போய்க்கீறாங்க. யாரு கேக்கறீங்க?"

என் தலை ஆடியது.

"சாமுவேல் அண்ணன் கேட்டுட்டாரு! ஒரு தரம்!"

மறுபடி ஆடியது.

"அண்ணன் ஏத்திட்டாரு! ரெண்டு தரம்!"

மறுபடி. இன்னொரு தடவை ஏற்றினார். முன்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். "யோவ், வேற ஆளே கேக்கல! அவுரே கேக்கறாரு, அவுரே ஏத்தறாரு!"

"ஆண்டவருக்குக் குடுக்கறாரு. உனுக்கு இன்னாய்யா பேஜாரு? உக்காரு! மூணு தரம்!"

கைதட்டலில் விழித்தேன். என் மடியில் மூட்டை இருந்தது. எதிராளியே இல்லாமல், என்னோடு நானே போட்டியிட்டு, என்னை நானே தோற்கடித்து எடுத்த கொள்ளு. திருப்பிக் கொடுக்க முடியாது. காணிக்கை ஏலத்தில் சொன்ன சொல் சொன்னதுதான், அது எங்கள் வழக்கம். தூக்கத்தில் ஆடிய தலைக்கும் அது பொருந்தும்.

எனக்குக் கோபம் வந்தது. மனதில் குறித்துக்கொண்டேன்: கோபம். பல வாரங்களில் எனக்கு முதலில் வந்த உணர்ச்சி அது. ஆலயப் பந்தலில்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து மூட்டையை எஸ்தர் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

"இத நீங்களா எடுத்தீங்க?"

"நான் எடுக்கல. என் தல எடுத்துச்சி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். "நம்முளுதுங்க அது" என்றாள். "நான்தான் வெச்சேன்."

முந்திய வருஷம் வரப்போரத்தில் அவள் மாட்டுக்காகக் கொஞ்சம் கொள்ளு விதைத்திருந்தாள். நான் கவனிக்கவே இல்லை. அதில் விதைக்கென்று எடுத்து வைத்தது அந்த மூட்டை.

"பின்ன இத ஏன் கொண்டும்போயி வெச்ச?"

"கடைல வாங்கின பூசணிக்காய வெச்சிட்டு நம்ம வெளச்சல்னு சொல்ல எனுக்குக் கூச்சமா இருந்திச்சி. நெசமா நம்ம நெலத்துல வெளஞ்சது இது ஒண்ணுதான். நெலமே போவுது, வெதைய வெச்சிக்கினு இன்னா பண்ண?" சிரிப்பு அடங்கிவிட்டது. "யாராச்சும் வெதைக்கிறவங்க கையில இதக் குடு ஆண்டவரே, தின்னுட்டுப் போறவங்க கையில குடுக்காதன்னு கேட்டுக்கினு வெச்சேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த இடத்தில் வானம் திறந்தது, ஒளி இறங்கியது என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. ஆனால் நான் நோட்டீஸ் கொடுத்திருந்தேன், திங்கட்கிழமைக்குள் சொல்லும் என்று. அவள் ஒன்று கேட்டிருந்தாள். இரண்டு மனுவும் ஒரே மேஜைக்குப் போயிருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் என் மடியில் வந்து விழுந்திருக்கிறது. நான் தூங்கும்போது சொன்னால்தான் கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திங்கள் விடியும்போது இருவரும் நிலத்துக்குப் போனோம். அந்த வாரம் ஒரு தூறல் தூறியிருந்தது. கடலைக்கு அது பிரயோஜனமில்லை, எதற்குமே போதாது. கொள்ளுக்குப் போதும். அது பிடிவாதமான பயிர். மண்ணில் கொஞ்சம் ஈரம் காட்டிவிட்டால் மிச்சத்தைப் பனியில் பார்த்துக்கொள்ளும். செத்த கடலைச் செடிகளைப் பிடுங்கிப்போட்டுக் கொத்தி விதைத்தோம். மூட்டை ஒரு மூலைக்குத்தான் வந்தது. அதற்குள் மோகன் பைக்கில் வந்துவிட்டார், கையில் பத்திரத்தோடு.

"இன்னா ணா பண்ணிக்கினு கீற?"

"விதச்சிட்டேன் மோகன்."

அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விதை போட்ட நிலத்தை அறுக்கிறவரை கை மாற்ற மாட்டோம். விற்கிறவனுக்கும் ஆகாது, வாங்குகிறவனுக்கும் ஆகாது. நிலத்தை மனைகளாக வெட்டி விற்கிற மோகன்கூட அதை மீறமாட்டார். மீறினால் திட்டுவதற்கு அவருடைய அம்மா உயிரோடு இருக்கிறார்.

"இன்னா போட்ட?"

"கொள்ளு."

"கொள்ளெல்லாம் ஒரு பயிரா ணா?" என்றார் பரிதாபமாக. பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "செரி, அறுத்துட்டுக் கூப்புடு."

எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான், சகோதரர்களே. மழை கிடைக்கவில்லை. அவகாசம் கிடைத்தது. அன்றைக்கு அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

கதை சபையில் பரவியது. தன் கொள்ளைத் தானே ஏலம் எடுத்தவனைப் பார்க்க வந்தார்கள். பூசணிக்காய்க்கு மண் பூசியதையும் நானே சொல்லிவிட்டேன். ஆப்பிள் வைத்தவர் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் முட்டைகோஸை ஒப்புக்கொண்டார்கள். யார் வீட்டிலும் விதை இல்லை, யார் வீட்டிலும் பருப்பு இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதுவரை எல்லோரும் சமாதானமாக இருந்தோம். பாக்கியநாதனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தாமல் கிராமத்தில் தன் மச்சான் வீட்டுக்குப் போய், அந்த ஊர் ஏரிக்குக் கீழே நிலம் வைத்து வசதியாக இருக்கிற அந்த மனிதரிடம் கேட்டு, ஒரு கோணிக் கொள்ளு கொண்டுவந்து இறக்கினார். "இதுக்கு ஏலம் இல்ல ணா. தைரியமா தலைய ஆட்டு" என்றார். என் மிச்ச நிலத்துக்குப் போக, இன்னும் சில வீட்டு மேடுகளுக்கும் அது போனது.

கார்த்திகையில் ஒரே ஒரு மழை. மார்கழியில் பனி. காலையில் போனால் இலைகளில் நீர் நிற்கும். கால் நனையும். அதைக்கூட முதலில் ஒரு தகவலாகத்தான் தெரிந்துகொண்டேன், கால் நனைகிறது என்று.

தை கடைசியில் அறுத்தோம். பெரிய மகசூல் என்று சொல்லமாட்டேன், சாட்சியில் பொய் சொல்லக்கூடாது. பசுவுக்குக் கொடி கிடைத்தது. விதைக்கு எடுத்து வைத்தோம். வீட்டுப் பருப்பு டப்பா நிரம்பியது. கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல், மறுபடி கொள்ளு ரசம். குதிரைக்குப் போடுவது என்று படித்திருக்கிறேன். குதிரைகள் மீது எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

புதுக் கொள்ளை முதல் தடவை வேகவைத்த அன்று நான் வாசலில் இருந்தேன். வாசனை வந்தது. வயிற்றுக்குள் ஏதோ நகர்ந்தது. என்னவென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பசி. பல மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பசித்திருக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றேன். எஸ்தர் போட்டாள். போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அங்கே அவள் அழுவது எனக்குக் கேட்டது. இந்தத் தடவை அது பக்கத்து வீட்டிலிருந்து கேட்கவில்லை. எனக்கும் வந்துவிட்டது. ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

மோகனைக் கூப்பிட்டு, விற்கவில்லை என்று சொன்னேன். "தெரியும் ணா" என்றார். "அன்னிக்கே தெரியும்."

இப்போது நிலத்தில் ஒரே பயிர் போடுவதில்லை. கேழ்வரகு, நடுவில் துவரை, ஓரத்தில் காராமணி. கடலை பாதிதான். எது போனாலும் எதுவோ நிற்கும். பள்ளமான மூலையில் சபையார் வந்து ஒரு குட்டை வெட்டிக் கொடுத்தார்கள். பெய்கிற கொஞ்சமும் ஓடிப்போகாமல் அதில் நிற்கிறது. ஆண்டவர் அனுப்புவதைப் பிடித்துவைக்கப் பாத்திரம் இல்லாமல், அனுப்பவில்லை என்று அவர்மேல் நான் புகார் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னும் சில காலைகளில் மரப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது முழுவதும் போய்விட்டது என்று சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் மரத்துப்போன வாயால் கேட்டாலும் அவர் கேட்கிறார். அதை மட்டும் நான் அறிந்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அழக்கூட வராமல் இருந்தால், உணர்ச்சி வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நோட்டீஸாவது கொடுங்கள். அதையும் வாங்கிக்கொள்கிறார்.

வெள்ளிக்கிழமை காலைகளில் எங்கள் நிலத்தில், அந்தக் குட்டைக்கரையில், ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடக்கிறது. யாரும் வரலாம். பாட்டு சுமார்தான். எஸ்தர் சுண்டல் தருவாள், என்ன சுண்டல் என்று கேட்க வேண்டாம். செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். நெருஞ்சி முள் அதிகம்.